வட்டத்தில் உயராத கை

டென்மார்க்காரர் எதற்கெடுத்தாலும் கை உயர்த்துவார்கள். பிராண்டேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலைக் கூட்டம் பதினைந்து நிமிடம்தான். திரைச்சீலையை மாற்றுவதா, கோடை விருந்துக்கு மீனா இறைச்சியா, எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு. இருபத்தாறு வருடங்களில் என் கை ஒருமுறைகூட உயர்ந்ததில்லை. கூச்சம் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். நானும் திருத்தப் போகவில்லை. திருத்தினால் கதை சொல்லவேண்டி வரும். முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி முடிகிறபோது கதை சொல்ல யாருக்குத் தெம்பிருக்கும்?

இந்த வசந்தகாலம் பக்கத்து ஊரான கிரின்ஸ்டெட்டுக்கு ஒரு ரஷ்யக் கலைக்குழு வந்தது. ஓவியர் ஒருவர், நடனக்காரி ஒருத்தி, தேநீர் ஊற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத தத்துவ ஆசிரியர் ஒருவர், இவர்களை நடத்தும் லீடா. தங்கள் அரசின் போரை எதிர்த்ததால் ஊரில் இருக்க முடியாமல் வெளியேறியவர்கள். கலை, போராட்டம், அரசியல் தத்துவம் மூன்றும் ஒன்றே என்பது அவர்கள் கொள்கை. கொம்யூன், அதாவது ஊர் நகரசபை, கொடுத்த ஒரு பழைய களஞ்சியத்தில், வந்து குடியேறியவர்களைச் சேர்த்து ஒரு நாடகம் செய்யப்போவதாக அறிவித்தார்கள். மாலாதான் என் பெயரையும் கொடுத்தாள். "வாங்கோ அக்கா, வீட்டுக்குள்ளை இருந்து என்ன செய்யப் போறீங்கள்?"

மாலா காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். என் சிநேகிதி வசந்தியின் தங்கை. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதமே என்னைத் தேடி வந்து, "நீங்கள் எங்கட அக்காவோட இருந்தனீங்கள்தானே?" என்று கட்டிப்பிடித்து அழுதவள். அன்றிலிருந்து அவள் காரின் முன்சீற் எனக்குத்தான். புருஷன் வந்தாலும் அவருக்குப் பின்சீற். வசந்தியின் பிறந்தநாளில் வருடந்தோறும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "அக்கா கடைசியா என்ன சொன்னவ?" நான் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பொய் சொல்வேன். பசிக்குது என்றவ, உன்னைப் பார்க்கவேணும் என்றவ. அவளுக்கு அது போதும்.

ஊரில், போர்க்காலத்தில், நானும் வசந்தியும் ஒரே விடுதலை இயக்கத்தின் அரசியல் பிரிவில் இருந்தோம். மொஸ்கோவில் தமிழில் அச்சிட்டு வந்த புத்தகங்களை வைத்து வகுப்பெடுப்போம். மழமழப்பான தாள், உறுதியான கட்டு, வாயில் நுழையாத சொற்கள். இதை லீடாவிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அந்தப் புத்தகங்களை எங்கள் பள்ளியிலும் படிக்கச் சொன்னார்கள். நாங்கள் படிக்காமல் தப்பித்தோம். நீங்கள் அங்கே படித்துவிட்டீர்களா!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் நன்றாகவே படித்தோம்.

வியாழக்கிழமைகளில் ஒத்திகை. அதற்குப்பின் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்று தான் செய்த பிழையைத் தானே சொல்லவேண்டும். சுயவிமர்சனம். அந்தச் சொல்லை லீடா இனிப்புப் போலச் சொன்னாள். நாடகத்தின் ஒவ்வொரு வரியையும் கை உயர்த்தித்தான் ஏற்பார்கள். மூன்றாவது வியாழன் கடைசி வரிக்கு வாக்கெடுப்பு நடந்தபோது பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. என்னுடையது மடியிலேயே இருந்தது.

லீடாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாற்றுக் கருத்து! சொல்லுங்கள், ஏன்?"

"கை நோகிறது" என்றேன்.

அவள் முகம் கனிந்தது. உடனே கொப்பியில் எழுதி வாசித்துக் காட்டினாள். 'என் கை உழைப்பால் வலிக்கிறது.' அடுத்த கிழமை அதை நான் மேடையில் சொல்லவேண்டுமாம். அதற்கும் வாக்கெடுத்தார்கள். பன்னிரண்டு கைகள். மாலாவின் கைதான் எல்லாவற்றிலும் உயரத்தில் நின்றது.

திரும்பும் வழியில் மழை. மாலா சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஏனக்கா கை தூக்கேல்லை? எனக்குத் தெரியாதே உங்களுக்குக் கை நோ இல்லையெண்டு?"

அப்போதும் ஒரு பொய் நாவில் இருந்தது. ஆனால் பொய்க்கும் ஒரு தெம்பு வேண்டும். அது எனக்குத் தீர்ந்துபோயிருந்தது.

"மாலா, காரை ஒருக்கா ஓரமா நிப்பாட்டு."

நிறுத்தினாள். நான் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னேன். எங்களோடு பகையாயிருந்த மற்ற இயக்கத்தில் இருந்த தன் அண்ணனுக்கு வசந்தி ஒரு கடிதம் கொடுத்தனுப்பினாள், பிடிபட்டாள். மாலையில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, அவளைச் சுயவிமர்சனம் செய்யச் சொன்னார்கள். அழாமல் செய்தாள்.

"பிறகு, உன்ர அக்காவை விசாரணைக்கு அனுப்பலாமோ எண்டு கேட்டவை. எல்லாரும் கை தூக்கினவை. நானும் தூக்கினனான்."

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். அன்று நான் இடமும் வலமும் பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன். வசந்தி திரும்பி வரவேயில்லை. பயந்தேன் என்று சொல்லலாம், பயந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கணத்தில் தலைவரின் பார்வை என்னில் படுகிறதா என்றும் பார்த்தேன். இதை மாலாவிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலில் எழுதுகிறேன்.

துடைப்பான் கண்ணாடியில் போய் வந்துகொண்டிருந்தது.

"அக்கா கண்டவவோ? உங்கட கையை?"

"ஓம்."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஒண்டும் சொல்லேல்லை. பாத்தவ."

மாலா காரை எடுத்தாள். வீட்டில் இறக்கிவிட்டால், என் அறை விளக்கு எரியும்வரை காத்திருந்துவிட்டுப் போவது அவள் வழக்கம். அன்று நான் கதவைத் திறக்கத் திறப்பை எடுப்பதற்குள் கார் போய்விட்டது.

அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி அடிக்கவில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் மூன்று வாங்கு தள்ளி உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் பூச்செடி வாங்குவதற்கு வாக்கெடுத்தார்கள். நான் வழக்கம்போல் கை தூக்காமல் இருந்தேன். வலி குறையும் என்று நினைத்துச் சொன்னேனா, அவளுக்கு உண்மை சேரவேண்டும் என்று சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. சொன்னபின் உடம்பு பாரம் குறையவில்லை, வீடுதான் பெரிதாகிப்போனது. இந்த நாட்டில் எனக்கு உறவென்று சொல்ல அவள் ஒருத்திதான்.

வியாழன் வந்தது. கிரின்ஸ்டெட்டுக்கு அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. அவள் வராவிட்டால் நானும் போகப்போவதில்லை. ஆனாலும் நாலரைக்கே கோட்டைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் நின்றேன்.

ஐந்து மணிக்கு மாலாவின் கார் வந்து நின்றது. அவள் ஹோர்ன் அடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் முன்கதவின் பிடியில் கை வைத்துக் குனிந்தேன். முன்சீற்றில் அவளுடைய கைப்பை இருந்தது. பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டி, மடித்த குடை. பெல்ட்டையும் இழுத்து, அவற்றின்மேல் பூட்டியிருந்தாள்.

பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் காரின் பின்பக்கத்தை நான் பார்த்ததில்லை.

"பெல்ட்டைப் போடுங்கோ" என்றாள் மாலா.

வலது கையை உயர்த்தித் தோளுக்கு மேலே தேடினேன். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.