லோத் நதிக்கரையில் ஒரு திங்கள்கிழமை

பாரிஸ் படங்களைப் பார்த்துச் சலித்த ஒரு நாள், வரைபடத்தில் தென் பிரான்சின் லோத் நதியை விரலால் தொடர்ந்து போனேன். கரையெல்லாம் யாரும் பேசாத சின்னச் சின்ன ஊர்கள். "போயிடலாம்பா!" என்று குதித்தேன். எங்கள் ஊரான மல்காஜ்கிரியை விட்டு அதிகம் நகராத, தினமும் இன்சுலின் போடும் அப்பாவும் என்னை நம்பிக் கிளம்பினார்.

மூன்றாம் நாள், ஆற்றோரமாகவே அடுத்த ஊருக்கு நடந்தோம். சர்க்கரை இறங்கினால் சாப்பிட அப்பா எடுத்துவைத்த பிஸ்கட்டை, "கைக்குப்பா, எதுக்கு இதெல்லாம் தூக்கிட்டு? டீக்கடை இல்லாத ஊர் எது?" என்று அறையிலேயே போட்டுவிட்டேன்.

மதியம் போய்ச் சேர்ந்தோம். செங்குத்துப் பாறை, மஞ்சள் கல் வீடுகள், பழைய பாலம். ஆனால் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. அங்கே திங்கள்கிழமை விடுமுறையாம். நான் படம் எடுத்தபடி முன்னால் ஓடினேன்.

"நில்லும்மா, கண்ணு இருட்டுது."

திரும்பினால், அப்பா பாலத்துச் சுவரில் சரிந்திருந்தார். அதற்கு முன்பே இரண்டு முறை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. நான் தட்டிய மூன்றாவது கதவு திறந்தது. அந்தப் பெண்மணி தந்த சர்க்கரைத் தண்ணீரில் பிழைத்தார்.

ஊர் திரும்பியதிலிருந்து அப்பா வாசலைத் தாண்டுவதில்லை. கூப்பிட்டால், "நக்கோம்மா, வேணாம், நீ போயிட்டு வா" என்கிறார்.

இப்போது குளுக்கோஸ் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. யாரோடு நடந்தாலும் அவருக்குப் பின்னால்தான் நடக்கிறேன். இந்த ஞாயிறு அப்பாவைத் தெருமுனை வரைக்கும் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.