நேற்றைய பதில்

தார்த்து நகரத்தில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர் கௌபோ லில்லெமெட்ஸ். காட்டுச் சொந்தக்காரர்கள் அடையாள அட்டையைச் செருகி மர ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுவதற்கான மென்பொருள் அவருடையது. பல மர வியாபாரிகள் அதைத் தங்கள் கிடங்குக் கணினியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கையெழுத்தின்போதும் அது, அட்டைகளின் கணக்கை வைத்திருக்கும் சான்றிதழ் நிலையத்தைக் கேட்கும்: இந்த அட்டை இப்போது செல்லுமா? கேள்வியோடு புத்தம் புதிதாக ஓர் எண்ணையும் அனுப்பும். பதிலில் அதே எண் இருந்தால்தான் அது இந்தக் கேள்விக்கு வந்த பதில். இல்லாவிட்டால் எடுத்து வைத்த பழைய பதிலை யாராவது நீட்டிவிட முடியும்.

ஓர் இலையுதிர் காலத்தில், கேள்விகள் குவிந்தபோதெல்லாம் நிலையத்திலிருந்து எண் இல்லாமலே பதில் வந்தது. மென்பொருள் அதை ஏற்க மறுத்தது. வியாபாரிகள் போன் செய்து திட்டினார்கள்.

"லாரி எல்லாம் காட்டுல நிக்குதாம் கௌபோ. எதையாவது பண்ணித் தொலை" என்றாள் அவர் வேலை பார்த்த நிறுவனத்தை நடத்திய எனெலி.

எண் வராவிட்டாலும் பரவாயில்லை என்று கௌபோ மாற்றி எழுதினார். அடுத்த வாரம் திரும்பச் சரிசெய்யலாம் என்று நினைத்தவர் அதை மறந்தே போனார்.

வோரு பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் ஹெல்வே. வீட்டுக்கு வடக்கே அவளுக்கு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத் தோப்பு ஒன்று இருந்தது. அதை வெட்ட அனுமதி வாங்கி, வியாபாரியிடம் பேசியும் விட்டு, தோப்பு தடுத்துவந்த வாடைக்காற்றை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அக்கா மகன் ரிவோதான் அந்த வியாபாரியின் கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொண்டான். பேரம் முடிந்தால் அவனுக்கும் பங்கு உண்டு.

ரிவோ அவள் கோட்டிலிருந்து அட்டையை எடுத்தான். ரகசிய எண்ணை அவளுக்கு அமைத்துக் கொடுத்தவனே அவன்தான். அன்று மாலை, புது எண் எதுவும் சேர்க்காமல் அவனே நிலையத்தைக் கேட்டான். அவள் அட்டையை முடக்கிவிட்டாலும் உதவும் என்று, 'செல்லும்' என்று வந்த பதிலைச் சேமித்து வைத்தான். மறுநாள் காலை அட்டையைக் காணோம் என்று ஹெல்வே போன் செய்து முடக்கினாள். மதியம்தான் ஒப்பந்தம் தயாரானது. அவள் பெயரில் ரிவோ கையெழுத்திட்டான். மென்பொருள் கேட்ட கேள்வியை வழியிலேயே மறித்து, நேற்றைய பதிலைக் கொடுத்தான். அதன் காலக்கெடு இன்னும் முடியவில்லை. மென்பொருள் நம்பியது.

சில நாள் கழித்து ஹெல்வே பேருந்தை விட்டு வீடு திரும்பியபோது மரங்கள் தரையில் கிடந்தன.

விற்றுவிட்டு இப்போது நடிக்கிறாள் என்றது ஊர். அவள் தார்த்துவுக்கே வந்து எனெலியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அட்டை செல்லும்னுதான் பதில் வந்திருக்குங்க. நீங்க லேட்டா சொல்லியிருப்பீங்க" என்றாள் எனெலி.

"காலையிலேயே போன் பண்ணேனே." ஹெல்வேயின் குரல் தேய்ந்தது. "சரியா சொல்லலையோ என்னமோ. எனக்கு இந்த மெஷின் விஷயமெல்லாம் தெரியாது." கழுத்துவரை சிவந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

கௌபோ எதிரில் இருந்தார். முந்தின நாளே பதிவுகளைப் பார்த்திருந்தார். எண் இல்லாத அந்தப் பதிலும், அதை உள்ளே விட்ட தன்னுடைய வரியும் அவருக்குத் தெரியும். காப்பிக் கோப்பையின் காதைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கழுத்தின் சிவப்பு அவரை விடவில்லை. சாப்பிடும்போது வரும், காரில் வரும். ஒரு சனிக்கிழமை வோருவுக்குக் கிளம்பிப் போய், அவள் சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் தலையக் குனிஞ்சப்பவுமா?"

"ஆமா."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு கோட்டை மாட்டினாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது. வாங்க, கடையில வந்து சொல்லுங்க."

ஊர்க் கடையில் நாலைந்து பேர் ரொட்டி வாங்க நின்றார்கள். கடைக்கார மைமு ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு ஹெல்வே இது? மிச்ச மரத்தையும் வாங்க வந்தவரா?"

யாரோ சிரித்தார்கள். கௌபோவுக்குக் காது சுட்டது. புது எண், பழைய பதில் என்று ஆரம்பித்து இரண்டு முறை தடுமாறினார்.

மைமு இடைமறித்தாள். "எண்ணெல்லாம் எங்களுக்கு எதுக்கு? அவ நேரத்துக்கு போன் பண்ணாளா, இல்லையா?"

"பண்ணாங்க. தப்பு என்னோடது."

மைமு ஒரு கறுப்பு ரொட்டியை எடுத்து ஹெல்வேயின் பையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கௌபோ போலீசுக்கும் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் ரத்தானது, ரிவோ தண்டனை பெற்றான். எண்ணைச் சரிபார்க்கும் வரி திரும்ப எழுதப்பட்டது. வாடைக்காற்று மட்டும் இப்போது ஹெல்வேயின் சமையலறை ஜன்னலில் நேராக மோதுகிறது.

மென்பொருளில் செய்த தவறை கௌபோ இன்று யார் கேட்டாலும் சொல்லுவார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கேட்காமலே சொல்லுவார். அன்று அந்த மேசையில் வாய் திறக்காமல் இருந்ததை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஹெல்வேயும் அதைக் கடையில் சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் விட்டாள் என்று அவளிடம் கேட்க அவருக்கு இன்னும் துணிவு வரவில்லை.