அடுப்படி மேடைக்கு ஒரு கல்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு அடுப்படி மேடை உடைந்ததற்குக் காரணம் என் மாமியார். அவரைக் கேட்டால் கிரைண்டர் என்பார். குழவியைக் கழுவ எடுத்தவர் கை வழுக்கி மேடைமேல் போட்டுவிட்டார். கடப்பாக் கல் குறுக்கே பிளந்து, அடுப்பு இருந்த பாதி லேசாகக் கீழே இறங்கியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமி குழவியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லவேள, இதுக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

என் கணவர் ஷார்ஜாவில் சமையலறை மேடை பொருத்தும் வேலை பார்க்கிறார். யார் யாருடைய அடுப்படியையோ அழகுபடுத்தியவர். சொந்த அடுப்படிக்கு அவர் இதுவரை செய்த சேவை, தண்ணீர் குடித்த டம்ளரை வேறெங்காவது வைத்தது மட்டும்தான். ஆனாலும் தொழில் தெரிந்தவர் என்பதால் வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"வெள்ளைக் குவார்ட்ஸ் போடு. கிச்சனே பளிச்சுன்னு இருக்கும். இங்க எல்லாரும் அதான் போடுறாங்க."

"அங்க மீன் கொழம்பு வெக்கிறாங்களா மச்சான்?"

"வெப்பாங்களா இருக்கும். நாங்க மாட்டிட்டு வந்துருவோம்."

போன விடுமுறையில் அவர் அந்தக் கல்லின் மாதிரித் துண்டு ஒன்றைப் பனியனில் சுற்றி, அத்தர் பாட்டிலைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அகலம், பால் வெள்ளை. மாமி அதை வந்த மறுநாளே சட்டி இறக்கி வைக்கும் பலகையாக்கிவிட்டார். நான் அதை எடுத்துவந்து கேமரா முன்னால் காட்டினேன்.

"என்னா அது வட்டமா, காப்பிக் கறையா?"

"கறை இல்ல. உங்க கல்லு வெந்துபோச்சு. சுத்தி மஞ்சளா இருக்கறதுதான் கறை."

முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "சரி, கருப்பு கிரானைட்டே போடு" என்றார். "ஆனா பாத்து வாங்கு. சாயம் பூசி விக்கிறானுவ. நகப்பூச்சு அழிக்கிற தண்ணி இருக்குல்ல, அதால தொடச்சிப் பாரு." எங்கள் திருமண வாழ்க்கையில் அவர் சொன்ன மிகப் பயனுள்ள வார்த்தை அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பிரியாணி முடிந்ததும், மண்டபத்திலிருந்து மாமியும் நானும் ஆட்டோ பிடித்து ஊருக்கு வெளியே இருந்த கல் கடைக்குப் போனோம். பட்டுச் சேலையில் இரண்டு பெண்கள் வந்து இறங்கியதும் கடைக்காரர் நாற்காலி போட்டார், ஃபேன் போட்டார். பிறகு எங்களுக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

முதலில் வெள்ளை மார்பிளைக் காட்டினார். மாமி பஸ்ஸில் குமட்டலுக்கு முகர்வதற்காக எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். நான் குடிகாட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். புளிப்பு பட்டால் மார்பிள் என்ன ஆகும் என்று தெரியும். பழத்தைக் கீறி, மாதிரித் துண்டில் நாலு சொட்டு பிழிந்தேன்.

"கல்லு வாங்க வந்தீங்களா, ரசம் வெக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும்தான்" என்றார் மாமி. காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்காமல், "ஒங்க ஊட்டுல என்னா கல்லு போட்டிருக்கீங்க?" என்றும் கேட்டுவைத்தார்.

"அது பழைய ஊடும்மா. சிமெண்டுதான்."

துடைத்துப் பார்த்தால் சாறு பட்ட இடம் மட்டும் பளபளப்பு போய்ப் பூத்திருந்தது. கடைக்காரர் அந்தத் துண்டை எடுத்து வேறு துண்டுகளுக்குப் பின்னால் வைத்தார்.

அடுத்து கருப்பு. முகம் பார்க்கும்படி மின்னியது. கல்யாணத்துக்காக நகப்பூச்சு போட்டிருந்தேன். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கும் முன் அதை அழிக்க வேண்டும் என்பதால் அந்தத் தண்ணீர் பாட்டிலும் கைப்பையில் இருந்தது. கைக்குட்டையில் நனைத்து ஓரத்தில் துடைத்தேன். கைக்குட்டை கருத்தது.

"தூசிம்மா" என்றார் கடைக்காரர்.

இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தேன். மாமி குனிந்து பார்த்தார்.

"தூசிக்கு அடியில சாம்பக் கலர்ல கல்லு இருக்கே தம்பி."

கடைக்காரர் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனார்.

அந்த இடைவெளியில்தான் கடையின் மூலையில் தூசி படிந்து நின்ற அந்தக் கல்லைப் பார்த்தேன். பழுப்பும் கருப்பும் கலந்து, கருகிய வெங்காயத்தைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. எலுமிச்சைக்கு மசியவில்லை. நகத்தண்ணீருக்கு மசியவில்லை. தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். அதையும் குடிக்கவில்லை. மாமி வீட்டுச் சாவியால் கீறிப் பார்த்தார். சாவிதான் தேய்ந்தது.

"அது ஸ்டெப்புக்குப் போடுறதும்மா. கிச்சனுக்கு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் திரும்பி வந்த கடைக்காரர்.

"ஸ்டெப்புல ஊரே மிதிக்குது, தாங்குதுல்ல? எங்க ரெண்டு சட்டியத் தாங்காதா?"

மாமியோடு பதினோரு ஆண்டுகளாக ஒரே அடுப்படியில் நிற்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டது அன்றுதான். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. படத்தை ஷார்ஜாவுக்கு அனுப்பினேன். "வேற கலர் இல்லையா" என்று பதில் வந்தபோது, கல்லை அளவுக்கு வெட்டச் சொல்லியாகிவிட்டது.

பத்து நாளில் மேடை தயார். மேஸ்திரி முனைகளை உருட்டிக் கொடுத்தார். முதல் நாள் கொதிக்கக் கொதிக்க மீன் சட்டியை அதன்மேல் இறக்கிவைத்தேன். மஞ்சளைக் கொட்டி வேண்டுமென்றே ஒரு மணி நேரம் துடைக்காமல் விட்டேன். ஒரு தடம்கூட இல்லை. நிறம் அழகில்லைதான். ஆனால் நாமும் அதன்மேல் வெட்டுவது மத்தி மீன்தானே.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பியபோது மேடையைக் காணோம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ரோஜாப்பூ போட்ட ரெக்சின் விரித்திருந்தது.

"என்னா மாமி இது?"

"புதுக் கல்லு. அழுக்காயிடப் போவுது" என்றார்.

பிடுங்கி எறியலாம் என்று கை போனது. பிறகு, ரெக்சினைக் கழுவுவது அவர் பாடு என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அதை உரித்துத் துவைத்துக் கொடியில் போடுவார். காயும்வரை கல்லைப் பார்க்கலாம்.