பழைய முயலின் கடைசிச் சொட்டு

"தொழில்நுட்ப உதவியாளர், நான்காம் நிலை. பிறர் கட்டளைப்படி வேலை செய்வார். சொந்தமாக முடிவெடுக்கத் தேவையில்லை. பதினைந்து கிலோ தூக்கக்கூடியவராக இருக்க வேண்டும்." பிரிஸ்பேன் ஆய்வுக்கூடத்தின் கோப்பில் கிளெனிஸ் பாஸ்கோவைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். தோள்வலியால் அவர் ஐந்து கிலோ தூக்கியே வருடக்கணக்காகிறது. கட்டளை என்று பார்த்தால், கூடத்தின் தலைவர் ரோவன் கியோவே அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உறைபெட்டியைத் திறப்பார்.

அந்தப் பெட்டியின் அடித்தட்டில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா. மேலே கொட்டை எழுத்தில் "காலாவதியானது". குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடித் திரவம் வரும்போதெல்லாம் கிளெனிஸ் அதைச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைப்பார். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு குழாய் மட்டும் சத்தமில்லாமல் டப்பாவுக்குப் போய்விடும். காலாவதி என்று எழுதினால் ஒருவரும் தொடமாட்டார்கள். பாதுகாப்புத் தணிக்கைக்காரர்கள் தொடுவார்கள் என்பதால், வருடத்தில் ஒருநாள் டப்பா பக்கத்துக் கூடத்துக்கு விருந்தாடப் போய்வரும்.

மெலே ஃபோனுவா கிளெனிஸின் கூடத்தில் ஆய்வாளர். ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. வைரஸ் நுழைந்தால் மட்டுமே நம் செல்கள் உருவாக்கும் ஒரு காவல் புரதம், நஞ்சுக்கொடிச் செல்களில் வைரஸே இல்லாமல் எப்போதும் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள். ஆன்டிபாடி புரதத்தில் ஒட்டினால் படத்தில் ஒரு கோடு விழும்; அது சரியான இடத்தில், கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது. அது அச்சேறினால் ஒப்பந்தம் மூன்று வருடம் நீளும். ரோவன் லாமிங்டன் கேக் வாங்கி வந்தார்.

கிளெனிஸ் அதைத் தொடவில்லை. கூடத்தில் யாரும் பார்த்திராத காட்சி அது.

"பிடிக்கலையா?" என்றாள் மெலே.

"தேங்காய்த்தூள் பல்லுல மாட்டுது." பிறகு படத்தை எட்டிப் பார்த்து, "ஆன்டிபாடி எந்த முயலோடது?"

அந்த ஆன்டிபாடியை முயலின் ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். முயல் செத்தால் அடுத்த முயல்; அதனுடையது வேறு புரதத்திலும் போய் ஒட்டலாம். பெயரும் விலையும் அதேதான், தொகுதி எண் மட்டும் பொடி எழுத்தில் மாறும். மெலே அதைப் படித்திருக்கவில்லை. கோடு வேண்டிய இடத்தில் விழுந்துவிட்டால் யாரும் படிப்பதில்லை.

"பழைய முயல்ல மிச்சம் இருக்கா?"

"ஒரே ஒரு தடவைக்கு இருக்கு. ரோவன் ரெண்டு வருஷமா கேக்கறான், குடுக்கல."

ரோவனுக்கு எரிச்சல். "நாளன்னைக்கு அனுப்பணும் கிளெனிஸ். இப்பப் போய் முயல் பண்ணை வைக்கிறியா?"

"நீ படிக்கிறப்பவும் இதே அவசரம்தான். கரன்ட் ஒயரைத் தலைகீழா மாட்டி, புரதம் பூரா ஜெல்லை விட்டு வெளியே ஓடிப்போச்சு. நான்தான் துடைச்சேன்."

ரோவன் மிச்சமிருந்த லாமிங்டனோடு தன் அறைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் புது முயலின் படமும் பழைய முயலின் படமும் அருகருகே வந்தன. அந்தப் புரதத்தை உருவாக்கவே முடியாதபடி மரபணுவை வெட்டிய செல்களையும் கூடவே வைத்திருந்தார்கள். புது முயல் அவற்றிலும் கோடு போட்டது. அதாவது, வேறு ஏதோ ஒன்றை அது ஆரம்பத்திலிருந்தே காட்டிக்கொடுத்து வந்திருக்கிறது. பழைய முயல், வைரஸ் கொடுத்த செல்களில் மட்டும் கோடு போட்டது. நஞ்சுக்கொடியின் இடம் வெறுமையாக இருந்தது.

"என் டிசம்பர் போச்சு," என்றாள் மெலே.

"நானும் கோடு விழணும்னுதான் நின்னுட்டிருந்தேன்," என்றார் கிளெனிஸ், யாரையோ கோபித்துக்கொள்வதுபோல.

கட்டுரை போகவில்லை. அதே தொகுதியை வாங்கிய மற்றக் கூடங்களுக்கு மெலே எழுதினாள். ஏழு இடங்களில் அதே பொய்க்கோடு. அவற்றைச் சரிபார்த்து எழுதுவதற்கு ரோவன் எப்படியோ ஒப்பந்தத்தில் ஆறு மாதம் வாங்கிக்கொடுத்தார். மூன்று வருடமல்ல, ஆறு மாதம். அந்தச் சிறு கட்டுரையின் கடைசி வரியில் கிளெனிஸின் பெயர் "தொழில்நுட்ப உதவி" என்று வந்தது. கோப்பில் இன்னும் பதினைந்து கிலோதான்.

கூடத்தின் தலைவருக்கே தராமல் வைத்திருந்த பழைய முயலின் அந்தக் கடைசிச் சொட்டை, பத்தே மைக்ரோலிட்டரை, மெலேயின் கோடு உண்மைதானா என்று பார்ப்பதற்காக, கிளெனிஸ் பாஸ்கோ மிச்சமில்லாமல் செலவழித்தார்.