கப்பலை உடைத்தவரின் சட்டைகள்

போர்டிக்சன் கடற்கரைக்குப் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் மழைக்கு ஒதுங்குகிறேன். தேநீர்க் கடைச் சுவரில் ஒரு கப்பலின் படம் மாட்டியிருக்கிறது. மேல்தளத்தில் மூன்று பெரிய வெள்ளைக் கிண்ண ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

"என் வீட்டுக்காரர் உடைச்ச கப்பல்," என்கிறார் கடைக்கார அம்மா. "மொதல்ல சாமான் ஏத்துன கப்பலாம். அப்புறம் நேவிக்காரங்க வாங்கி, மிசைல் விட்டா அது எங்க போய் விழுதுன்னு கடல்ல நின்னு பார்த்தாங்களாம். பழசானதும் ஜொகூர்ல இவரு வேலை செஞ்ச எடத்துக்கு உடைக்க வந்துச்சு. ஒரு குண்டுகூட சுடாத கப்பல்னு பெருமையா சொல்வாரு."

கப்பலுக்குள் குழாய்களைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கல்நாரை அவர் வெறுங்கையால் உரித்திருக்கிறார். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, போன வருடம் இறந்துவிட்டார்.

அம்மா இருமுகிறார். இருமல் நிற்க வெகுநேரமாகிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் கணவர் கொண்டுவந்த, அந்தத் தூசி படிந்த வேலை உடுப்பையெல்லாம் துவைத்தது இவர்தான். போன வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இவருக்கும் அதே நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

"ஒரே மக, ராசா டவுன்ல இருக்கா. எப்படி தம்பி சொல்றது? துவைக்கிறதுக்கு முன்னால அந்தச் சட்டையெல்லாம் உதறிக் கொடுத்தது அவதான் லா."