பங்க் கண்காட்சியில் குத்துவிளக்கு

விழா எடுக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. திருகோணமலைத் துறைமுகத்தடி மியூசியத்தில், பங்க் இசையால் பிறந்த ஓவியங்களுக்கு ஒரு கண்காட்சி. அதிகாரத்தைக் கிழித்துப் பாடுகிற அந்த இசைக்கும் குத்துவிளக்கு வைத்து, பெரிய அதிகாரி வரும்வரை எங்களைக் காக்க வைத்தார்கள்.

"வெட்கம் கெட்ட கூட்டம்" என்றேன், பக்கத்தில் நின்ற சிநேகிதன் ரிஸ்வானிடம்.

சுவரில், கண்காட்சிக்காக நான் கீறிய போஸ்டர் தொங்கியது: 'எவனுக்கும் குனியாதே.'

அதிகாரி வந்ததும் அறிவிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்களும் ஒரு திரி கொளுத்துங்கோ. சப்பாத்தைக் கழற்றிப்போட்டு வாங்கோ."

ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம் சேர்" என்று வந்தது.

ரிஸ்வான் எடுத்த படத்தில், என் போஸ்டருக்கு நேர் கீழே, ஓட்டை விழுந்த காலுறையோடு, அதிகாரியிடம் மெழுகுதிரி வாங்க இரண்டாக மடிந்து நிற்கிறேன்.

இப்போது நான் ஒருவரையும் வெட்கம் கெட்டவர் என்று ஏசுவதில்லை. அந்தப் பட்டத்துக்கு ஆள் இருக்கிறது.