காதர் பாய் கழுவிக் காப்பாற்றிய வீடு

போன செவ்வாய்க்கிழமை பொம்மிடியில் ஒரு வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். தருமபுரி பஸ் நின்றது. நிறுத்தமே இல்லாத இடம். கண்டக்டர் படியில் தொங்கியபடி மேலே பார்த்துச் சொன்னார்: "மாதப்பண்ணா, காதர் பாய் போயிட்டாருங்க. காலையில. நெஞ்சு வலின்னு சொன்னாங்க." கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது உலகத்துக்கே தெரியும். நான் நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி நிறுத்தவில்லை. அது அவர் குற்றமில்லை. அந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பாதிப் பேருக்கு அவரை நிலவாசல் செய்யும் ஆசாரியாகத் தெரியும். மீதிப் பேருக்கு வீட்டுப் பிளான் போடும் காதர் பாயாகத் தெரியும். எங்கள் இன்ஜினியர் ஆபீசில் அவரும் நானும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தோம். அவர் வரைவார். நான் சைட்டில் கயிறு பிடித்து அளந்து கட்டுவேன். நான் எட்டாவது. அவர் ஐந்தாவது. ஆக, படிப்பில் நான் அவருக்கு மூன்று வகுப்பு மேல். இதை அவரிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். அவரும் மறுத்ததில்லை.

எண்பத்தாறில் இன்ஜினியர் பெங்களூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். வீட்டுப் பிளான் போடும் புரோகிராம் அதில் இருந்தது. தருமபுரியில் அப்படி ஒரு பொருளை வண்டியிலிருந்து கை கொடுத்து இறக்கிய முதல் மனுசன் நான்தான். இறக்கும்போதே அதன் சூட்சுமம் எனக்குப் புரிந்துவிட்டது. மாட்டிக் கொடுக்க வந்த பெங்களூர்க்காரர் என்னிடம்தான் சந்தேகம் கேட்டார். பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன்.

அதற்கென்று தனி அறை, தனி கூலர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கூட வந்தது. காதர் பாய் அதில் படங்களை மட்டும் பார்த்து மூன்றே மாதத்தில் வீடு வரைந்தார். கரண்டுதான் பெரிய தொல்லை. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எதிர் டீக்கடையில் தொங்கும் குண்டு பல்பு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பல்பு மங்கினால் உடனே சேவ். "ஒரு செவுரு போட்டா ஒரு தடவ சேவ் பண்ணணும் மாப்ள. கரண்டு சொல்லிட்டுப் போவாது" என்பார். சேலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு போனார்கள். இரண்டு பேராவது வந்தார்கள்.

அவர் தொழுகைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஏரியூர்க்காரர் ஒருவர் தன் வீட்டுப் பிளானைப் பார்க்க வந்தார். நானே காட்டுகிறேன் என்று உட்கார்ந்து ஏதோ இரண்டு பொத்தானை அழுத்தினேன். வீட்டைக் காணோம். திரை முழுக்கக் கறுப்பு. "உங்க வூடு அழிஞ்சு போச்சுங்க, சூட்டுல இப்படி ஆவும்" என்று பொறுமையாக விளக்கினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்த பாய் திரையைப் பார்த்தார். ஒரு ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஒரு புள்ளி. ஒரே ஒரு கட்டளை அடித்தார். வீடு பெரிதாகி முன்னால் வந்து நின்றது. "வூடு எங்கியும் போவல மாப்ள. நீதான் ரொம்ப தூரமா போயி நின்னுகிட்ட" என்றார். இன்ஜினியர் இப்படித் தன்மையாகச் சொல்லவில்லை. "இன்னொரு தடவ அந்த மெசின்ல கை வச்சீங்கன்னா மறுபடியும் கொத்து வேலைக்கே போயிடுங்க மாதப்பன்" என்றார். அப்போது என் பெரிய பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் என்னைக் கம்ப்யூட்டர் ஆபீஸ்காரர் என்று சொல்லி வைத்திருந்தோம்.

இந்த நிலைமையில்தான் ஆயுத பூஜை வந்தது.

பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் கோவிந்தம்மாவை உங்களுக்குத் தெரியும். அவருக்கு வீடு. விஜயதசமி காலை பத்தரைக்குப் பூஜை போட்டு, பிளான்படி சுண்ணாம்புக் கோடு கிழிக்க வேண்டும். முதல் நாள் காலையில் அந்த அம்மா பஸ் ஏறி வந்து சமையலறையை மாற்றச் சொன்னார். "ரயிலு வர்றது அடுப்படியில இருந்து தெரியணும் பாய். தெரிஞ்சாத்தான் அடுத்த ஈடு ஊத்துவேன்." அரை நாள் அவர் சொல்லச் சொல்ல, பாய் சுவரை நகர்த்தி நகர்த்தி வரைந்தார். கழிவறை நகர்ந்தது, படி நகர்ந்தது, எல்லா அளவும் மாறியது. அந்தப் பிளான் ஒரே ஒரு பிளாப்பியில் இருந்தது. பிளாப்பி என்றால் கறுப்பு உறைக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் என்று இருந்ததெல்லாம் அதுதான். பேப்பரில் எடுப்பதற்குள் பூஜை நேரம் வந்துவிட்டது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது அல்லவா. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பாய் வீட்டுக்குப் போனார்.

பொட்டு வைப்பது என் பொறுப்பு. அந்த வேலையில் என்னை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. மட்டக்கோலுக்கு வைத்தேன், தூக்குக்குண்டுக்கு வைத்தேன், திரைக்கு, பொத்தான் பலகைக்கு, பிரிண்டருக்கு, கூலருக்கு. அப்புறம்தான் பிளாப்பியைப் பார்த்தேன். கோவிந்தம்மாவின் வீடே அதற்குள் இருக்கிறது. அதற்கு வைக்காமல் விடலாமா. உறையின் ஒரு பக்கத்தில் முட்டை வடிவில் ஒரு திறப்பு, அதற்குள் பளபளவென்று தட்டு. நெற்றி மாதிரியே இருந்தது. சந்தனத்தை நன்றாகக் குழைத்து, அழுத்தி வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாய் அதைக் கையில் எடுத்தார். பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். உள்ளே அரிசி அரைக்கிற மாதிரி சத்தம் வந்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் இங்கிலீஷில் வந்தது. அதை நானே படித்தேன்.

"கையில வரைஞ்சுடலாமே பாய்" என்றேன்.

"அந்தம்மா நகர்த்துன அளவு எதுவும் ஞாபகத்துல இல்ல மாப்ள. அதுவும் இல்லாம, கம்ப்யூட்டர் பிளான்னு பொம்மிடி பூரா சொல்லி வச்சிருக்குது. அத்தன சனம் பாக்க வரும்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்ஜினியர் எத்தன மணிக்கு வருவாரு?"

"எட்டரைக்கு. என் பொண்ணு கல்யாணம் போச்சு பாய்."

"அழுவறத அப்பறமா அழு. போயி ஒரு மக்குல நல்ல தண்ணி மோந்துகிட்டு வா."

பிளேடால் உறையின் ஓரத்தைக் கிழித்தார். உள்ளிருந்த தட்டை அப்பளம் மாதிரி இரண்டு விரலால் எடுத்தார். எது மேல் பக்கம் என்று நடு ஓட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். தண்ணீரில் தேய்க்காமல் அலசினார். கர்ச்சீப்பில் ஒற்றி, பென்சிலில் கோத்து, ஃபேனுக்கு எதிரே பிடித்தார். புது பிளாப்பி ஒன்றைக் கிழித்து, அதன் தட்டை எறிந்துவிட்டு, அந்த உறைக்குள் இதை நுழைத்தார். போட்டார். மறுபடியும் அரைத்தது. நான் ஒரு தேங்காய் நேர்ந்தேன். பாய் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்தில் குங்குமம் ஒரு கோடு. திரும்ப அலசல், திரும்ப ஃபேன். நான் தேங்காயை மூன்றாக்கினேன்.

இந்தத் தடவை சத்தம் மாறியது. திரையில் ஒரு சுவர் வந்தது. அப்புறம் இன்னொரு சுவர். படி வந்தது. ரயிலைப் பார்க்கும் ஜன்னல் வந்தது. நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.

"உக்காரு. மொதல்ல காப்பி எடுக்கணும். அப்பறமா சந்தோசப்படலாம்."

பிரதி எடுத்து, பிரிண்டரில் இரண்டு தாளாக அடித்து ஒட்டிக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் வந்துவிட்டார். மேசையில் கிழிந்த உறை, பிளேடு, சிவந்த தண்ணீர்.

"யாரு வேலை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார். "நான்தானுங்க. பூஜைன்னு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். ஒரு வேகத்துல இதுக்கும் வச்சிட்டேன். இப்ப சரி பண்ணிட்டனுங்க."

"நீங்க. பொட்டு வச்சீங்க."

"ஆபீஸ் பூஜை தானுங்களே."

இன்ஜினியர் பாயின் தாடியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். அப்புறம் என் மோதிர விரலைப் பார்த்தார். முதல் நாள் குங்குமம் அதில் இன்னும் சிவந்து கிடந்தது. பொரி இருந்த சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டேன்.

"சரிங்க பாய்" என்றார் இன்ஜினியர். "அடுத்த வருசமும் நீங்களே வைங்க."

பத்தரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாங்கள் பொம்மிடியில் இருந்தோம். கோடு கிழித்து முடித்ததும் கோவிந்தம்மா சமையலறைக் கோட்டுக்குள் போய், அடுப்பு வரும் இடத்தில் குந்தி உட்கார்ந்து ஜன்னல் வரும் பக்கம் பார்த்தார். பாசஞ்சர் வந்தது. "தெரியுது" என்றார். கூட்டம் முழுவதும் குனிந்து பார்த்தது. ரயிலே எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. ஸ்டேஷன் வந்ததால் குறைத்தது என்று சிலர் சொல்வார்கள். அந்த வீட்டில் இன்றைக்கும் சந்தன வாசனை அடிக்கிறது என்று கோவிந்தம்மா சொல்வதாக நான் பல இடங்களில் சொல்லி வருகிறேன்.

சொல்லி வந்தது அது மட்டுமில்லை. இந்த மூன்று வருஷமாகத் தருமபுரி டீக்கடைகளில் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாய் பூஜை ஆர்வத்தில் பொட்டு வைத்துவிட்டதாகவும், தட்டை எடுத்துக் கழுவிக் காப்பாற்றியது நான் என்றும் சொன்னேன். பல தடவை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. "தண்ணியகூட அவருதான் மோந்துகிட்டு வந்தாரு" என்று மட்டும் சேர்த்துக்கொள்வார். என் சம்பந்தி எதிரிலும் அப்படியே சொன்னார்.

ஆகவே அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். பொட்டு வைத்தவன் நான். கழுவியவர் அவர். தண்ணீர் கொண்டு வந்தது மட்டும் உண்மையாகவே நான்தான்.

அந்தக் கிழிந்த உறை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சந்தனம் உதிர்ந்துவிட்டது. குங்குமக் கறை போகவில்லை. அதற்குப் பின் வந்த ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் இன்ஜினியர் சிரிக்காமல், "வாங்க பாய், பொட்டு வைங்க" என்று கூப்பிடுவார். பாயும் சிரிக்காமல், "என் சார்பா மாதப்பன் வைப்பாருங்க" என்பார். நான் எழுந்து போய் வைப்பேன்.

இந்த வருஷமும் இன்ஜினியர் பழக்கத்தில் பாய் என்று கூப்பிட்டுவிடுவார். அவர் சார்பில் நான்தான் எழுந்திருக்க வேண்டும். பிளாப்பிகளையெல்லாம் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு.